நம்பகமான பெட்டி ஒன்று தேவை

இடுப்பில் கொக்கியை மாட்டி யாரோ தொங்கிக்கொண்டிருப்பது போல் வலித்தது. காலையிலிருந்து இரண்டு லாரி சிமெண்ட் இறக்கியாயிற்று. மூன்றாவது லாரி கிடங்கு வாசலுக்குப் பின்பக்கமாக வந்து நின்றபோது ஒத்தத்தோளு சும்மாட்டை அவிழ்த்து உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வாரியம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றான்.

கூட்டாளிகள் எல்லாரும் சிரித்தார்கள்.

"போயிட்டு வாடா. திரும்பி வர்றப்போ தலை நரைச்சிருக்கும்."

"இப்பவே சிமெண்ட்ல நரைச்சுத்தான் இருக்கு. வித்தியாசம் தெரியாது."

மூட்டை தூக்க ஆரம்பித்த நாளிலிருந்து வலது தோளில் மட்டுமே தூக்கியவன் அவன். வலது தோள் சரிந்துவிட்டது. இடது தோள் மட்டும் 'எனக்கென்ன வந்தது' என்கிற மாதிரி எப்போதும் தூக்கியே நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாரியத்தின் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது, அதுவும் தப்பாக.

வாரியத்துக்குப் போக வேண்டிய காரணம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது. அவன் தங்கையின் புருஷன். அதே கிடங்கில் அதே கூட்டத்தில் மூட்டை தூக்கியவன். கயிறு நழுவி இரும்புப் பெட்டி ஒன்று அவனுடைய இடது பாதத்தின் மேல் இறங்கிவிட்டது. உள்ளே கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தால் பாதம் பிழைக்கும், சீக்கிரம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்யத் தயார்தான். ஆனால் செலவு வாரியத்தினுடையது. வாரியத்திலிருந்து "செய்யலாம்" என்று ஒரு மெயில் வர வேண்டும். ஆஸ்பத்திரி கேட்டு எழுதியது. பதில் இல்லை. மறுபடி எழுதியது. அதற்கும் இல்லை.

"மெயில் வந்தாத்தான் கத்தியை எடுப்போம்" என்றார் ஆஸ்பத்திரிக் கணக்காளர். நல்ல மனிதர்தான். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

சுமைப்பணியாளர் நல வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு மூட்டைக்கும் கூலியில் பிடித்த காசில் கட்டியது. லிஃப்ட் கிடையாது. கால் முறிவுப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனான். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன்மேல் மடித்த துணி, அதற்கு முன்னால் டைப்பிஸ்ட் அம்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து மெயில் வந்திருக்கும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"மெயில மூடி வெச்சிருக்காங்க."

"பூட்டு கெட்டுப்போச்சா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க. உள்ளே போய் செயலாளரைப் பாருங்க. பார்த்துட்டு எனக்கும் என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நடந்தது இதுதான். கொஞ்ச நாள் முன்பு யாரோ ஒரு திருடன் வாரியத்தின் மெயில் பெட்டிக்குள் புகுந்துவிட்டான். புகுந்தவன் தலைவரின் பெயரில் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதினான். தான் வெளிநாட்டில் பர்ஸைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பதாகவும், உடனே பணம் அனுப்பிக் காப்பாற்றும்படியும் உருக்கமான கடிதம். விஷயம் தெரிந்ததும் தலைவர் இடிந்துபோனார். கடிதம் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு ஆஸ்பத்திரிகூட ஒரு காசு அனுப்பவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

விசாரணை நடந்தது. பாஸ்வேர்டைப் பெரிய காகிதத்தில் அச்சடித்துக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார்கள் என்று தெரியவந்தது. அந்தச் சுவருக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே டீக்கடை மாடி.

"ஒட்டினது உண்மைதான்" என்றார் செயலாளர், ஒத்தத்தோளிடம் இதையெல்லாம் பெருமையாக விவரித்தபடி. அவர் மேஜைமேல் கண்ணாடி விரித்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே அவர் தலைவரோடு நிற்கும் படங்கள். "வெளிப்படைத்தன்மை நம்ம வாரியத்தோட கொள்கை. மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு? தப்பு அந்த மெயில் கம்பெனியோடது. திருடன் சாவியோட வந்தான்னா உள்ள விட்டுடறதா? நம்பிக்கையான கம்பெனின்னா சாவி இருந்தாலும் திருடனை உள்ள விடக்கூடாது."

"அதுவும் சரிதாங்க" என்றான் ஒத்தத்தோளு. அவன் தலையாட்ட வேண்டிய இடங்களில் தலையாட்டிப் பழகியவன். "என் மச்சானுக்குக் காலு..."

"அதான், நம்பகமான மெயில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும் மெயில் கிடையாதுன்னு முடிவு. நம்பிக்கை இல்லாத பெட்டி வழியா அனுப்பற அனுமதி நம்பிக்கை இல்லாத அனுமதி. அதை வெச்சு ஆபரேஷன் பண்ணினா நாளைக்கு அந்தக் காலை யாரு நம்புவா?"

"ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துடுவேன்."

"நாங்க காகிதத்தை ஒழிச்சிட்டோம்" என்றார் செயலாளர். அதற்கான சுற்றறிக்கை அவருக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"போன்ல ஒரு வார்த்தை..."

"போன்ல சொன்னா, யாரு சொன்னதுன்னு நாளைக்கு யாரு சொல்றது?"

அவன் நின்ற இடத்தை விட்டு நகராமல் இருக்கவே, செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் குழு அமைத்தாலும் அதில் தொழிலாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. தொழிலாளியைத் தேடி யார் கிடங்குக்குப் போய் சிமெண்ட் தூசியில் நிற்பது? இதோ, ஒருத்தன் தானே மாடி ஏறி வந்திருக்கிறான்.

"உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியுங்க."

"படிக்க?"

"தெரியுங்க."

"பரவாயில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியாக ஒத்தத்தோளு, நம்பகமான மின்னஞ்சல் சேவை நிறுவனத் தேர்வுக் குழுவின் உறுப்பினன் ஆனான். படியில் இறங்கும்போது அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதானே. சந்தையில் ஆட்டையே பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வாங்கிவிடுகிறார்கள்.

குழு கூடும் அறைக்குள் நுழையும் முன் எல்லாரும் கைப்பேசியை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும். ரகசியம் கசியாமல் இருக்க இந்த ஏற்பாடு. வாளியில் முன்பு தரை துடைத்திருந்தார்கள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர், செயலாளர், கணக்கு அதிகாரி, நம்பிக்கை ஆலோசகர், பிறகு ஒத்தத்தோளு. கணக்கு அதிகாரி எப்போதும் தூங்குவார். டீ வரும்போது மட்டும் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். நம்பிக்கை ஆலோசகர் வெளியிலிருந்து வந்தவர். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அதில் அவர் படம் சிரிக்கும், அவர் சிரிக்கமாட்டார்.

அறையில் ஒத்தத்தோளுக்குக் கொடுத்த நாற்காலி மெத்தை வைத்தது. முதுகுக்கு வளைந்து கொடுத்தது. உட்கார்ந்ததும் அவனை அறியாமல் "அப்பாடா" என்றான். செயலாளர் அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார்.

வாசலுக்கு அந்தப் பக்கம் அவன் "ஏய்". இந்தப் பக்கம் வந்துவிட்டால் "உறுப்பினர் அவர்களே". டீக்கு எழுந்து வெளியே வரும்போது தலைவர், "ஏய், தள்ளி நில்லு" என்பார். திரும்பி உள்ளே போனதும், "உறுப்பினர் அவர்கள் சௌகரியமாக அமரவும்" என்பார். கொஞ்ச நாளில் ஒத்தத்தோளு வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் தானாகவே முதுகை நிமிர்த்தவும் வளைக்கவும் பழகிக்கொண்டான்.

முதல் கூட்டத்தில் ஆலோசகர் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் ஒரு படம் காட்டினார். படத்தில் 'நம்பிக்கை என்றால் என்ன?' என்று மட்டும் எழுதியிருந்தது. மத்தியானம் வரை அதே படம்தான்.

"பெரியோர்களே, இதுவரைக்கும் பல நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் விஷயத்துல ஆலோசனை சொல்லியிருக்கேன்" என்றார். "இன்னைக்கு அவங்க யாருகிட்டயும் மின்னஞ்சல் கிடையாது. ஒரு திருட்டுப் புகார் உண்டா? கேட்டுப் பாருங்க. ஒண்ணுகூடக் கிடையாது."

தலைவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கணக்கு அதிகாரி சத்தத்தில் விழித்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

"அப்போ எப்ப எடுப்போம்?" என்று கேட்டான் ஒத்தத்தோளு.

"எதை?"

"பெட்டிய."

ஆலோசகர் அவனைப் பரிவோடு பார்த்தார். "உறுப்பினர் அவர்களே, நாம இன்னும் 'என்ன'ங்கற சொல்லுக்கே வரல. 'என்றால்'லதான் நிக்கிறோம்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். தங்கை படுக்கைக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தாள். மச்சான் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தான். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"என்ன மச்சான், பெட்டி கெடைச்சுதா?"

"நம்பிக்கையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

"நல்லாப் பேசுங்க. நான் கட்டை விரல் இருக்கான்னு கிள்ளிப் பார்த்துக்கிட்டிருக்கேன். நம்பிக்கை வரமாட்டேங்குது."

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, நீ உள்ள இருக்கறது நல்லதாப் போச்சு. அடிச்சாவது சீக்கிரம் எடுக்கச் சொல்லு" என்றாள். அவள் அண்ணன் பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள்தான் சொல்லியிருந்தாள்.

அடுத்து விளம்பரம் கொடுத்தார்கள். நம்பகமான மின்னஞ்சல் நிறுவனங்கள் தங்கள் விண்ணப்பங்களை வாரியத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும், வேறு வழியில் வருபவை ஏற்கப்படா என்று பத்திரிகையில் வந்தது. காத்திருந்தார்கள். மழை வந்தது, போனது. ஒரு விண்ணப்பமும் வரவில்லை. உலகத்தில் நம்பகமான நிறுவனம் ஒன்றுகூட இல்லை என்று தீர்மானம் எழுதும் நேரத்தில் டீ கொண்டுவந்த டைப்பிஸ்ட் அம்மா வாயைத் திறந்தார்.

"சார், நம்ம பெட்டிதான் மூடியிருக்கே. எப்படி வரும்?"

"தெரியாமயா போட்டோம்?" என்றார் செயலாளர். தெரியாமல்தான் போட்டிருந்தார். "அது ஒரு பரீட்சை. மூடின பெட்டிக்குள்ள ஒரு கடிதத்தைச் சேர்க்கத் துப்பில்லாதவன், திறந்த பெட்டியை எப்படிப் பாத்துக்குவான்?"

இந்தப் பதிலைத் தலைவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இருந்தாலும் தொழிலாளி உறுப்பினர் முகத்தைத் தொங்கப்போட்டிருந்ததால், பெருந்தன்மையோடு மூன்று நிறுவனங்களை நேரில் வரவழைத்தார்கள்.

முதலில் வந்தவர் கோட்டு போட்டிருந்தார். உங்கள் மெயில்களை ஒரே இடத்தில் வைக்கமாட்டோம், ஒரே சமயத்தில் மூன்று ஊர்களில் நகல் இருக்கும், ஓர் ஊரில் தீப்பிடித்தாலும் கடிதம் பிழைக்கும் என்றார்.

"மூணு ஊர்ல இருக்கும்னா, நிஜக் கடிதம் எந்த ஊர்ல இருக்கும்?" என்று கேட்டார் தலைவர்.

"மூணும் நிஜம்தாங்க."

"ஒரு மனுஷன் மூணு ஊர்ல குடும்பம் வெச்சிருந்தா அவனை நம்புவீங்களா?"

கோட்டுக்காரர் போய்விட்டார்.

இரண்டாவது ஆள் இளைஞன். தங்கள் நிறுவனத்தில் கடிதங்கள் பூட்டிய நிலையிலேயே போகும், எழுதியவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது, நிறுவனத்தின் முதலாளியே நினைத்தாலும் முடியாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

தலைவர் முகம் சிவந்தது. "வர்ற கடிதத்தை நாங்களே படிக்கறதில்ல. நீயும் படிக்கமாட்டேன்னா, அப்போ யாருதான்யா படிக்கறது?"

பொறுப்பின்மை என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். கையில் குடை, வேறு ஒன்றும் இல்லை. வரும் வழியில் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பழைய காகிதத்தைக் கிழித்த இடத்தில் பசை சதுரமாகக் காய்ந்திருந்தது.

"நீங்க யாரை எடுத்தாலும் சரி, எங்களை எடுக்கலேன்னாலும் சரி" என்றாள். "பாஸ்வேர்டைச் சுவத்துல ஒட்டாதீங்க. பாஸ்வேர்டு போட்டதும் போனுக்கு ஒரு நம்பர் வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. முகவரி உங்க பேர்ல பதிவாயிருக்கான்னு பாருங்க. நாளைக்கு எங்களைப் பிடிக்கலேன்னா, எல்லாக் கடிதத்தையும் எடுத்துக்கிட்டுப் போக விடுவோமான்னு கேளுங்க. விடுவோம். ராத்திரி கெட்டுப்போனா போன் எடுக்க ஆள் இருக்கான்னு கேளுங்க. இருக்கு. அவ்வளவுதான் சார் பார்க்க வேண்டியது."

பார்க்க வேண்டியது அவ்வளவுதான் என்றால், இத்தனை நாள் இங்கே எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்கிற கேள்வி டீ கிளாஸ்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

ஒத்தத்தோளு நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். குழுவில் சேர்ந்ததிலிருந்து அவன் காதில் விழுந்த உருப்படியான பேச்சு இது ஒன்றுதான்.

"அம்மா, இன்னைக்கு எடுத்தா எப்ப வேலை செய்யும்?"

"சாயங்காலத்துக்குள்ள."

அவன் தலைவரைப் பார்த்தான். ஆகிவிட்டது, இன்றைக்கே மச்சானுக்குச் சொல்லிவிடலாம் என்று அவன் முகம் விரிந்தது. தலைவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"நல்ல கேள்வி, உறுப்பினர் அவர்களே. ரொம்ப நல்ல கேள்வி. சரியான நேரத்துல கேட்டீங்க." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, நாங்க ஐந்து பேர் இத்தனை நாளா உட்கார்ந்து முடிக்க முடியாத வேலையை நீ ஒரு சாயங்காலத்துல முடிச்சிடுவேன்னா, அதுல என்னமோ இருக்கு."

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். வாசலில் ஒத்தத்தோளைத் தாண்டும்போது, "அண்ணே, உங்களுக்கு ஏதோ அவசரம் போல" என்றாள்.

"மச்சானுக்குக் காலு" என்றான்.

அவள் வாயைத் திறந்து எதுவோ சொல்ல வந்தாள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆலோசகரின் முடிவறிக்கை வந்த அன்று தலைவர் புதுச் சட்டையில் இருந்தார். ஆலோசகர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நம்பிக்கைங்கறது சந்தேகத்துல தேறி வரணும். அதனால சந்தேகப்பட்டதே கிடையாத நிறுவனத்தை நாம நம்ப முடியாது. வந்த மூணு பேர்ல யாரையும் நாம முழுசாச் சந்தேகப்படல. மேலோட்டமாத்தான் சந்தேகப்பட்டோம். நாம ஆழமா, முறையா, விசாரணை வெச்சு சந்தேகப்பட்ட நிறுவனம் உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு."

"எது?" என்றார் தலைவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"நம்ம பழைய நிறுவனம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய பெட்டியையே திறப்பது என்று தீர்மானமாயிற்று.

"அப்போ மூடாமயே இருந்திருக்கலாமே" என்றான் ஒத்தத்தோளு.

"மூடாம இருந்திருந்தா திறக்க முடியுமா, உறுப்பினர் அவர்களே?"

அவனுக்கு ஒன்று தோன்றியது, தோன்றியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இடுப்பு வலி போய்விட்டது. எப்போது போனது என்றே தெரியவில்லை. மெத்தை நாற்காலி எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி பாஸ்வேர்டு. அதைச் சுவரில் ஒட்டக்கூடாது என்பதில் ஒருமனதாக இருந்தார்கள். ஒரே ஆளிடம் கொடுப்பதும் நம்பிக்கைக்கு விரோதம். ஆகவே பங்கு போட்டார்கள். எட்டு எழுத்து வேண்டும், ஆள் ஐந்து பேர். தலைவருக்கு மூன்று எழுத்து, செயலாளருக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. தலைவருடைய மூன்றும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்று செயலாளரே முன்மொழிந்தார். ஒருவர் தன் எழுத்தைத் தட்டும்போது மற்ற நால்வரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். இனி வாரியம் ஒரு மெயில் பார்ப்பதென்றால் ஐந்து பேரும் கூட வேண்டும். ஒருவர் லீவு போட்டால் அன்று மெயில் இல்லை.

தலைவரின் மூன்றெழுத்து அவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் பித்தளைத் தகட்டில் பதித்திருந்தது.

"இதை எப்ப வெச்சுக்கலாம்?" என்று ஒத்தத்தோளு கேட்டான். "டாக்டர் இந்த வாரம் தாண்டினா தன்னால ஆகாதுன்னுட்டாரு."

"போட்டோகிராபர் கெடைக்கணும்" என்றார் செயலாளர்.

போட்டோகிராபர் வார இறுதியில்தான் கிடைத்தார். அன்று காலை ஒத்தத்தோளு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே வாரியத்துக்கு வந்தான். முகம் மழித்திருந்தான். கைப்பேசியை வாளியில் போட்டான். கம்ப்யூட்டரைக் குழு அறைக்குள் கொண்டுவந்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவர் ரிப்பனை வெட்டினார். போட்டோகிராபர் சரியாக விழவில்லை என்றதும் ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி வெட்டினார்.

நால்வரும் சுவரைப் பார்த்து நிற்க, தலைவர் தன் மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார். செயலாளர் தட்டினார். கணக்கு அதிகாரியை எழுப்பித் தட்டச் சொன்னார்கள். ஆலோசகர் கைக்குட்டையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு தட்டினார். கடைசி எழுத்து ஒத்தத்தோளுடையது.

அவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றான். சிமெண்ட் தின்று காய்ந்துபோன விரல் அது. தூக்கிய விரலைக் கீழே விடவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படிக்கணும்" என்றான். "படிச்சு, சரின்னு பதில் போடணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். இல்லேன்னா நான் அமுக்க மாட்டேன்."

சுவரைப் பார்த்து நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னடா மிரட்டறியா?" என்றார் செயலாளர். அறைக்கு உள்ளே வைத்தே சொல்லிவிட்டார்.

"மிரட்டலீங்க. கெஞ்சறேன். விரலை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டுக் கெஞ்சறேன்."

தலைவரின் குரல் தழுதழுத்தது. "நம்பிக்கை. இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் தூக்கத்தைத் தொலைச்சோம். ஆளுக்கு ஒரு எழுத்தை நம்பிக் கொடுத்தோம். உனக்கும் ஒண்ணு கொடுத்தோம். எங்க சரித்திரத்துலேயே ஒரு மூட்டை தூக்கறவனுக்கு ஒரு முழு எழுத்து கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுக்கு இதுவா பதில்?"

"சார், வெளிச்சம் போகுது" என்றார் போட்டோகிராபர்.

"சரி, சரி, முதல்ல அதையே படிக்கலாம்" என்றார் தலைவர்.

ஒத்தத்தோளு அமுக்கினான்.

பெட்டி திறந்தது. திறப்பதில் அதற்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியின் கடிதங்கள் வரிசையாக இருந்தன, படிக்காதவை எல்லாம் தடித்த எழுத்தில். டைப்பிஸ்ட் அம்மாவை உட்காரவைத்தார்கள். போட்டோவுக்காகப் புதுப் புடவை கட்டி வந்திருந்தார். கீழேயிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தார்.

இடது பாதத்துக்கு அறுவை செய்ய அனுமதி வேண்டும். நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல், ரத்த ஓட்டம் குறைகிறது. அவசரம். மிக அவசரம். தயவுசெய்து யாராவது பதில் எழுதுங்கள், இப்படிக்குக் கணக்காளர். அதற்கு மேலே ஒன்று. நாளைக்குள் பதில் இல்லையென்றால் உயிரைக் காப்பாற்ற வேறு முடிவு எடுக்க நேரிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே அன்று காலை வந்த கடிதம். டைப்பிஸ்ட் அம்மா அதைப் படிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"படிம்மா."

"அனுமதி இனித் தேவையில்லைன்னு போட்டிருக்கு, சார்."

ஒத்தத்தோளு வாளிக்கு ஓடினான். வாளியில் கைப்பேசி நடுங்கிக்கொண்டே இருந்தது. தங்கை விடிந்ததிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.

முதுகுக்குப் பின்னால் செயலாளர் பேசுவது கேட்டது. "தேவையில்லைன்னு அவங்க சொல்றாங்க. அதுக்காக நாம குடுக்காம இருக்க முடியுமா? அனுமதிக் கடிதம் தயாரா இருக்கு. அனுப்பும்மா. தாமதமானாலும் அனுமதி அனுமதிதான்."

தலைவர் விசையைத் தட்டும்போது படம் எடுத்தார்கள். இடது பாதத்துக்கு அறுவை சிகிச்சை செய்ய வாரியம் மகிழ்ச்சியுடன் அனுமதித்தது.

ஆஸ்பத்திரியில் மச்சான் மயக்கம் தெளியாமல் கிடந்தான். போர்வை ஒரு காலுக்கு மேடாகவும், இன்னொரு காலுக்குப் பாதி வழியில் தட்டையாகவும் இருந்தது. கணக்காளர் வெளியே நின்றார். கையில் கைப்பேசி, அதில் வாரியத்தின் கடிதம். கடிதத்தைக் காட்டவும் தோன்றாமல், மறைக்கவும் தோன்றாமல் நின்றார். இந்த முறையும் கண்ணைப் பார்க்கவில்லை.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மரப் பெஞ்சு. முதுகுக்கு ஒன்றும் இல்லை. அழுது முடித்திருந்தாள்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"உன் இடுப்பு வலி எப்படி இருக்கு?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

"நல்ல நாற்காலின்னு சொன்னியே" என்றாள் அவள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த மாதம் வாரியத்தின் ஆண்டு மலரில் ரிப்பனோடு அந்தப் படம் வந்தது. ஓரத்தில் ஒரு சரிந்த தோள் மட்டும் தெரிந்தது. கிடங்கில் அவன் பழையபடி மூட்டை தூக்கினான். ஒரு வாரத்தில் இடுப்பில் கொக்கி திரும்பி வந்து மாட்டிக்கொண்டது. அதில் அவனுக்கு ஏதோ ஒரு ஆறுதல் இருந்தது. வாரியத்தில் மெயில் பார்க்க வேண்டிய நாட்களில் மட்டும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. எழுத்தையும் சொல்லவில்லை. அதற்காக ஒரு குழு அமைத்திருப்பதாகக் கேள்வி.

மச்சானின் பெயருக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது, ஒழிக்கப்பட்ட காகிதத்தில், முத்திரையோடு. அறுவை சிகிச்சைக்கு உரிய அனுமதி வழங்கப்பட்டுவிட்டதால் விஷயம் முடிந்தது, வாரியம் இவருக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

பாக்கி இருக்கிறது. வாரியம் அவனுக்கு ஓர் இடது பாதம் தர வேண்டும்.